ஐயாவு கங்காணிக்கு உபசாரப் பத்திரம்

மனுவில் அறுபத்தெட்டாவது கையெழுத்தைப் போட்டவர் சின்னையா. ஐயாவு கங்காணிக்குத் தம் கண்ணையே நம்ப முடியவில்லை. கோயில் தலைவர் பதவிக்காகப் பதினோரு வருஷமாகத் தம்மோடு மல்லுக்கட்டுகிற மனுஷன், கேட்காமலே வீடு தேடி வந்து, அழுத்தம் திருத்தமாகப் பெயரை எழுதிக் கொடுக்கிறார்!

"இன்னும் ஆளு வேணும்னா சொல்லுங்க கங்காணி, நான் கூட்டியாரேன்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

பதினோரு வருஷமாக ஐயாவு சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்ட கோயில் பொதுக்கூட்டம், இந்த 1926 மாசியில் நடந்தே தீரும் என்று ஊர் ஒற்றைக்காலில் நின்றது. தலைவர் பதவி பறிபோய்விடுமோ என்ற பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. முதல் மரியாதை இல்லாமல் கடல் தாண்டி மலாயாவில், இந்த ஈப்போவில் இருந்துதான் என்ன பிரயோசனம்? டவுன் போர்டே தம்மைப் புகழ்ந்து ஓர் உபசாரப் பத்திரம் வாசித்துக் கொடுத்துவிட்டால், அப்புறம் எதிர்த்து நிற்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

அந்த ஆசையோடுதான் மார்கழியில் போர்டு ஆபீஸ் படியேறினார். அங்கே கணக்கெழுதும் கிராணி சதாசிவம் விவரம் சொன்னார்.

"நீங்களா கேட்டா குடுக்க மாட்டாங்க. ஊர்க்காரங்க அம்பது பேரு கையெழுத்துப் போட்டு போர்டு துரைக்கு மனு குடுக்கணும். வாசிக்கிற நாளுக்கு ஆறு வாரம் முந்தியே குடுக்கணும்."

"இதுவரைக்கும் யாராருக்குக் குடுத்திருக்கீங்க?"

"ரெண்டே பேருக்குத்தான். ஆஸ்பத்திரி டாக்டரு, அப்புறம் போன வருஷம் போஸ்ட் மாஸ்டரு."

ஐயாவு மனசுக்குள் யோசித்துப் பார்த்தார். டாக்டர் பத்திரம் வாங்கின கையோடு யாழ்ப்பாணம் போயாயிற்று. போஸ்ட் மாஸ்டரும் வாங்கின மறுவாரமே கப்பலேறித் தஞ்சாவூருக்குத் திரும்பிவிட்டார். அப்படியென்றால் பத்திரம் வாங்கினவர் என்று ஊரில் மிஞ்சப்போவது தாம் ஒருவர்தான். அடடா, இதைவிட வேறென்ன வேண்டும்!

மனுவில் அவர் ஊருக்குச் செய்த நன்மைகளை எழுத வேண்டுமாம். சதாசிவம் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு காத்திருந்தார். ஐயாவு கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"கோயில்ல பதினோரு வருஷமா ஒரு சண்டை கெடையாதுன்னு போடுங்க."

"கூட்டமே போடலையே, கங்காணி?"

"அதனாலதான் சண்டை இல்ல. எழுதுங்க."

கையெழுத்துக்கு வாசல் வாசலாகப் போய்ப் பல்லிளிக்க வேண்டியிருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நடந்ததோ வேறு. சேதி பரவியதும் ஜனம் அவர் வீட்டுக்கே வந்துவிட்டது. சுங்காய் ரப்பர் தோட்டத்தில் விடிந்தும் விடியாமலும் தினம் அவரிடம் ஏச்சு வாங்கிய இருளாயி, ரயிலேறி வந்து கைநாட்டு வைத்தாள். ஊர்க்காரர்கள் மட்டும்தான் வைக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

அவர் சம்சாரம் நல்லம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏங்க, நம்மள இம்புட்டுப் பேருக்கா புடிக்கும்? எனக்கென்னமோ நம்பிக்கை வரல."

"கட்டினவனுக்குப் பேரு வந்தா சந்தோசப்படணும்டி. வயித்தெரிச்சல் படக்கூடாது" என்று அவள் வாயை அடைத்தார்.

தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, போர்டு மண்டபத்தில் நிற்க இடமில்லை. துரை எழுந்து பத்திரத்தை இங்கிலீஷில் வாசித்தார். ஐயாவுக்கு அதில் தம் பெயர் மட்டும்தான் விளங்கியது. அது வந்த இடத்திலெல்லாம் எழுந்து எழுந்து கும்பிட்டார்.

வாசித்து முடித்ததும் எழுந்த கைதட்டல் ஓயவே மாட்டேன் என்றது. முன்வரிசையில் இருளாயி வாயெல்லாம் பல்லாக நின்றாள். ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பாசத்தை வைத்துக்கொண்டா இந்தச் சனங்கள் இவ்வளவு நாளும் தம்மை முறைத்தார்கள்? பாவம், இவர்களுக்காகவே இன்னும் பதினோரு வருஷம் கோயிலைக் கட்டி ஆள வேண்டியதுதான் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டார்.

முதல் மாலையைச் சின்னையாதான் போட்டார். போட்டுவிட்டு ஐயாவுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து உருக்கமாகச் சொன்னார்:

"கோயில் சாவிய இப்பவே குடுத்துடுங்க கங்காணி, ஊருக்குக் கப்பலேறுற அவசரத்துல மறந்துடுவீங்க."