நான்காம் முறை அறுந்தது

மூன்றாவது முறையாக நீதிபதியின் முகம் பாதி திறந்த வாயோடு திரையில் உறைந்து நின்றது.

பிறகு திரையில் முகமே இல்லை. இணைப்பு இல்லை என்ற ஒற்றை வரி மட்டும்.

ககோயா நாற்காலியை விட்டு எழவில்லை. அண்ணன் வைஸ்வாதான் மேசைக்கடியில் பாய்ந்தான்.

இகாங்கா ஊரில் அண்ணன் வீட்டுப் பின்னறை அது. ஊராருக்கு விண்ணப்பம் தட்டித் தர அவன் வாங்கிப் போட்ட பழைய கணினி. கடல் தாண்டி, அவள் வீட்டுவேலை செய்த நாட்டின் நீதிமன்றம், அதன் வழியாகத்தான் காலை பத்து மணியிலிருந்து அவளை விசாரித்துக்கொண்டிருந்தது.

மூன்று முறையும் ஒரே கேள்வியில்தான் அறுந்தது.

எஜமானியின் வக்கீல் கேட்பார். மொழிபெயர்ப்பாளர் பெண் அதை ககோயாவுக்குப் புரியும் லுகாண்டா மொழியில் சொல்வாள்: "பதினோரு மாசமும் போன் உங்கிட்டதான் இருந்துச்சு. வீடு முழுக்க வைஃபை. அடைச்சு வெச்சிருந்தாங்கன்னா, ஏன் ஒருத்தருக்குக்கூடச் சொல்லல?"

ககோயா பதில் சொல்ல வாயெடுப்பாள். அறுந்துவிடும்.

இரண்டாம் முறை திரும்ப இணைந்தபோது வக்கீல் நீதிபதியிடம் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதை விழுங்கிவிட்டாள். ஆனால் பதினோரு மாதம் அந்த மொழியில் ஏச்சு வாங்கியவளுக்குப் புரிந்தது. பதில் இல்லாதபோதெல்லாம் இவள் ஊரில் இன்டர்நெட்டும் இருப்பதில்லை என்றார்.

இப்போது வைஸ்வாவின் கைப்பேசிக்கு நீதிமன்றத்திலிருந்து செய்தி வந்தது. இன்னொரு முறை அறுந்தால் பதில் இல்லை என்றே பதிவாகும். கைப்பேசியில் சாட்சி சொல்ல அனுமதி கிடையாது.

வைஸ்வா முன்னறைக்கு ஓடி ரவுட்டரை அணைத்துப் போட்டான். கணினியின் பின்னால் செருகியிருந்த வைஃபை குச்சியைப் பிடுங்கி முன்னால் செருகினான். பழைய இணைப்பை அழித்துவிட்டுக் கடவுச்சொல்லைப் புதிதாக அடித்தான். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று குச்சியைத் தூங்க வைக்கும் அமைப்பொன்றைத் தேடிப் பிடித்து நிறுத்தினான். நெற்றி வியர்வை விசைப்பலகையில் சொட்டியது.

திரையின் மூலையில் நான்கு கோடுகள் நிமிர்ந்தன.

"வந்துடுச்சு!" என்றான்.

அப்போது முதுகுப் பக்கம் கீல் கிறீச்சிட்டது. கோடுகள் மூன்றாயின. ஒன்றாயின. செத்தன.

ககோயா திரும்பிப் பார்த்தாள். அண்ணி நைகாகா, முன்னறைக்குப் போகும் இரும்புக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு தடவையும் சாத்தினியா அண்ணி?"

"ஆமா. அந்தக் கேள்வி வந்தாலே சாத்திடுவேன். இப்பவும் அதானே வரப்போகுது." நைகாகா குரலைத் தாழ்த்தினாள். "முன்னால நம்ம கடை மரவள்ளி வறுவல் திங்க ஏழெட்டுப் பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. உன் கதைய அவங்க ஏன் கேக்கணும்?"

"திற."

திறந்தாள். நான்கு கோடுகள்.

"சாத்து."

ஒன்றுமில்லை.

"அடக் கடவுளே," என்று வைஸ்வா தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஒரு கதவுக்கா இந்த மெஷினைப் போட்டு உருட்டிக்கிட்டிருக்கேன்?"

ககோயா அதற்குச் சிரிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள், வெகுநாள் தேடிய கணக்குக்கு விடை கிடைத்தவளைப்போல.

"திறந்தே இருக்கட்டும் அண்ணி."

"கேப்பாங்கடி."

"கேக்கட்டும். பூட்டினவ வெக்கப்படல. நான் எதுக்குப் படணும்?"

கதவு அகலத் திறந்தது. முன்னறைப் பெண்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

நீதிபதியின் முகம் வந்தது. வக்கீலின் முகம் வந்தது. கேள்வியும் வந்தது, நான்காம் முறையாக.

மொழிபெயர்ப்பாளர் தொடங்குமுன் ககோயா கையைக் காட்டி நிறுத்தினாள். அந்த நாட்டு மொழியிலேயே, அவளுக்குத் தெரிந்த உடைந்த சொற்களில், நேராக நீதிபதியிடம் பேசினாள்.

"ஐயா, மொட்டை மாடியில தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு அறை. சிம்மைப் பிடுங்கிட்டு வெறும் போனைக் குடுத்தாங்க. அதை அந்த அறைய விட்டு வெளிய எடுத்து வரக் கூடாது. வேலை முடிஞ்சதும் என்னை உள்ள விட்டு வெளிய பூட்டுவாங்க. ராத்திரி பூரா போனைத் தூக்கித் தூக்கிப் பிடிச்சுப் பாத்திருக்கேன். ஒரு கோடுகூட வராது. போன்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அந்த அறைக்கும் இங்க மாதிரியே இரும்புக் கதவு. சாத்தினா சிக்னல் செத்துடும்."

வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார்.

"நான் சொன்னா நம்ப வேணாம்," என்றாள் ககோயா. "இப்ப எந்திரிச்சுப் போய் இந்தக் கதவைச் சாத்துறேன். நீங்களே பாருங்க."

எழுந்து போனாள். முன்னறையில் அத்தனை பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு கதவை அறைந்து சாத்தினாள்.

திரையில் நீதிபதி பேனாவோடு உறைந்தார். பிறகு அவரும் போனார்.

"பைத்தியமாடி உனக்கு? பதில் இல்லன்னு எழுதிடுவாங்க, திற!" வைஸ்வா கதவுக்கு ஓடி வந்தான்.

ககோயா கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் ஊன்றி நின்றாள்.

வைஸ்வாவின் சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. நீதிமன்றத்து எண். அடித்து நின்றது. உடனே மறுபடி அடித்தது.

"எடுக்காத அண்ணா," என்றாள். "கொஞ்ச நேரம் என்னைத் தேடட்டும்."