மாவுக்கட்டுக்குள் ஒரு ஸ்கேல்

குடித்துவிட்டு பைக் ஓட்டிய குணாளன், ரோட்டோரக் கடையில் பரோட்டா வீசிக்கொண்டிருந்த அந்தோணிசாமியின் காலில் போய் ஏறினான். நீதிபதி அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. அந்தோணிசாமி படுத்திருந்த எலும்பு முறிவு வார்டிலேயே ஒரு மாதம் ஊழியம் செய்யச் சொல்லிவிட்டார். சிறைக் கம்பிகளாவது முறைக்காது. அந்தோணிசாமி முறைப்பார். மாவுக்கட்டுக்குள் அரிக்கும்போதெல்லாம் ஒரு மர ஸ்கேலை எடுத்து நீட்டுவார். இவன் அதைக் கட்டுக்குள் விட்டுச் சொறிவான். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, "எந்த மகராசி பெத்த பிள்ளையோ, தங்கமா பாத்துக்குது" என்று இவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தபோது, முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. கடைசி நாளன்று, கட்டுக்குள் சொறிந்துகொண்டே, ஸ்கேலைப் பார்த்தபடி கேட்டான்: "அண்ணே, என்னை மன்னிச்சிட்டீங்களா?"

"இல்லப்பா," என்றார் அந்தோணிசாமி. "இன்னும் கொஞ்சம் கீழ."