கம்மாபுரத்துத் தண்ணீர்

“நான் பாக்குற வண்டி வாராவாரம் கம்மாபுரத்துல கொதிச்சு நிக்குதாம். ஜங்ஷன்ல கேலி பண்றாங்க சார்,” என்றபடி மெக்கானிக் கலீல் ரஹ்மான், சபேசனின் பழைய ஆஸ்டின் காருக்குள் தலையை விட்டார்.

பக்கத்தில் நின்ற சபேசனின் மனைவி ஆனந்தவல்லி, கலீலின் கை போகும் இடத்தையெல்லாம் பார்த்தாள்.

அது அறுபத்தெட்டாம் வருஷம். ஞாயிறுதோறும் நெய்வேலிக்கு, நாத்தனார் வீட்டுக்குப் போகும்போது, சொல்லிவைத்தாற்போல் கார் கம்மாபுரத்தில் சூடாகி நின்றுவிடும். தண்ணீருக்கு அவள் குடத்தோடு இறங்குவாள். எதிரே மகள் பாக்யலட்சுமியின் வீடு. சாதி மாறிக் கட்டிக்கொண்டவள் வாசலை மிதிப்பதில்லை என்று சபேசன் சபதம் போட்டு மூன்று வருஷம் ஆகிறது.

“காருக்கு ஊத்துற தண்ணிக்கு என்னங்க சாதி?” என்று கேட்டுவிட்டு ஆனந்தவல்லி உள்ளே போவாள். பேரனைக் கொஞ்சி, மருமகன் தர்மராஜ் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு அரைமணி கழித்து வருவாள். எஞ்சின் ஆற வேண்டாமா?

“பழைய வண்டி பாய், விட்டுடுங்களேன்,” என்றாள் இப்போது.

“ஆமா பாய், விடுங்க,” என்றார் சபேசனும்.

“அதெப்படி சார்?” செராமிக் சூளையிலிருந்து வாங்கிவந்த வெள்ளைக் களிமண் பொடியை ரேடியேட்டர், ரப்பர் குழாய், தண்ணீரை வடிக்கும் அடித்திருகு எல்லாவற்றிலும் கலீல் அப்பினார். “எங்க ஒழுகுதோ அங்க ஈரம் காட்டிக்கொடுத்துடும். காலையில வரேன்.”

“வண்டிக்குப் பவுடர் போட்டாச்சு. இனிமே பொண்ணு பாக்க வரவேண்டியதுதான்,” என்று சபேசன் சிரித்தார்.

ஆனந்தவல்லி சிரிக்கவில்லை. ஓட்டை அகப்படக் கூடாதென்று பழமலைநாதருக்கு அர்ச்சனை நேர்ந்துகொண்டாள்.

மறுநாள், ஞாயிறு காலை, கலீல் குனிந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“குழாய் எதுலயும் பொட்டு ஈரம் இல்ல. ஆனா பாதித் தண்ணியக் காணோம். அடித்திருகுல மட்டும் பொடி வழிச்சு எடுத்த மாதிரி இருக்குது. யாரோ திறந்து மூடியிருக்காங்க. அம்மா, நீங்களா?”

“அந்தத் திருகு எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாதே பாய்.”

இருவரும் திரும்பினார்கள். சபேசன் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

“வல்லி, நேரமாச்சு. குடத்தை எடுத்து வெச்சியா?”

பேப்பர் கொஞ்சம் இறங்கியது. முறுக்கிவிட்ட மீசையின் நுனியில் வெள்ளைக் களிமண்.

கலீல் பானெட்டை மூடினார். “இது மெக்கானிக்கு பாக்குற ஒழுகல் இல்லம்மா.”

சபேசன் உயிரோடு இருந்த கடைசி ஞாயிறு வரை, அந்தக் கார் தண்ணீர் குடிக்காமல் கம்மாபுரத்தைத் தாண்டியதில்லை.