ராசி இல்லாத ரசிகர்

"இந்த வருஷம் கப் நமக்குத்தான். ஆனா அந்த மனுஷன் மட்டும் கேலரிப் பக்கம் வரக் கூடாது. வந்தா போச்சு!"

சலூன்காரர் சவரக் கத்தியை நீட்டிக்கொண்டு சொன்னார். நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு இருந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் கழுத்தைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

மகளிர் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு அந்தத் தெருவில் ஒரு ரசிகர் மன்றம் உண்டு. தலைவர், சலூன்காரர். செயலாளர், பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்கா. மாஸ்டருக்குப் பதவி கிடையாது, மேளம் அடிப்பார்.

அடுத்த வாரம் சீசன் ஆரம்பம். தலைவர் இப்போதே மீசையின் ஒரு பக்கத்துக்கு நீலமும் மறு பக்கத்துக்கு மஞ்சளும் அடித்துவிட்டார். அணியின் நிறமாம். வீட்டுக்காரம்மா அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

"புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கே, பார்த்தீங்களா?" என்றார் சலூன் வாசலில் நின்றிருந்த அக்கா. "ஜெராக்ஸ் எடுக்க வந்துச்சு. வாசல்ல குனிஞ்சு உள்ளே வந்தது, ஃபேனுக்குப் பயந்து கடைசி வரைக்கும் நிமிரவே இல்லை! அது கையைத் தூக்கினா பந்து நேரா வளையத்துக்குள்ளதான்."

"அப்பேர்ப்பட்ட டீமைத்தான் அந்தப் பூட்டுக்காரர் கவுத்துடப் போறார்" என்றார் தலைவர்.

"யாரு, முனையில சாவி போட்டுக் குடுக்கிறாரே, அவரா?" என்றார் மாஸ்டர்.

"அவரேதான். போன வருஷம் தோத்த மேட்ச் அத்தனையையும் நேத்து யூடியூப்ல போட்டுப் பார்த்தேன். ஒண்ணு விடாம எல்லாத்துலயும் இருக்கார். தேடவே வேணாம், பளிச்சுனு தெரியறார்."

"ஜெயிச்ச மேட்ச்ல?"

"அங்கதான் விஷயமே இருக்கு! கூட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒண்ணுலகூட ஆளைக் காணோம்."

அக்கா மோவாயில் கை வைத்துக்கொண்டார். "அடப் பாவமே! வளையத்துக்கும் பூட்டுப் போட்டுட்டுப் போயிருக்காரே!"

"நேர்ல போய்ச் சொல்லிடுவோம். கிளம்புங்க."

"தலைவரே, ஒரு கன்னம் பாக்கி இருக்கு!" என்று அலறினார் மாஸ்டர்.

"வந்து பார்த்துக்கலாம். கப் முக்கியமா, கன்னம் முக்கியமா?"

பூட்டுக்காரர் சாவி ஒன்றை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். "அட, மன்றமே வந்திருக்கு!" என்று கடையில் இருந்த ஒரே ஸ்டூலை அக்காவிடம் தள்ளினார். மாஸ்டரின் நுரைக் கன்னத்தைப் பார்த்தார். மரியாதைக்கு எதுவும் கேட்கவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அண்ணே, அந்தக் கேலரிப் படி எல்லாம் வெறும் சிமெண்ட். உங்க இடுப்புக்கு ஆகாது."

"என் இடுப்பு நல்லாத்தானே இருக்கு?"

"இப்ப நல்லாத்தான் இருக்கும்" என்றார் மாஸ்டர். "சத்தம் வேற அதிகம். நான் அடிக்கிற மேளம் எனக்கே தாங்கலை."

பூட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் விழித்தார். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"சுத்தி வளைப்பானேன் அண்ணே? நீங்க வந்தா டீம் தோக்குது. இந்த வருஷம் வராதீங்க."

அரம் நின்றது.

"நான் வர்றதாலயா?" பூட்டுக்காரரின் குரல் இறங்கிவிட்டது.

"நாங்க சொல்லலை அண்ணே" என்றார் தலைவர் அவசரமாக. "யூடியூப் சொல்லுது."

பூட்டுக்காரர் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தார். "எனக்கு இது தோணவே இல்லை பாருங்க. பிள்ளைங்க ஜெயிக்கணும், அவ்வளவுதானே? சரி, நான் வரலை."

"பெரிய மனசு அண்ணே உங்களுக்கு!" தலைவர் சந்தோஷத்தில் மீசையை முறுக்கினார். விரலில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

அப்போது பூட்டுக்காரரின் போன் அடித்தது. கையெல்லாம் எண்ணெய். முழங்கை முனையால் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"பூட்டு மாமா! கேப்டன் பேசறேன். முதல் மேட்ச் யாரோட தெரியுமா? போன வருஷம் கப் அடிச்சாங்களே, அவங்களோட! செமத்தியா வாங்கப் போறோம். மறக்காம வந்துடுங்க."

பூட்டுக்காரர் மூன்று பேரையும் பார்த்தார். "இல்லம்மா... இந்த வருஷம் நான் வரலை."

கேப்டன் விடவில்லை.

"நீங்களும் வரலைன்னா கேலரியில யாரு மாமா இருப்பாங்க? போன வருஷம் அவங்ககிட்ட அடி வாங்கினப்ப, நீங்க ஒத்தை ஆளா உட்கார்ந்து 'பரவால்ல, அடுத்த பந்தைப் பாரு'ன்னு கத்திட்டே இருந்தீங்க. அதைக் கேட்டுத்தான் கடைசி வரைக்கும் ஓடினோம். சுலபமான மேட்சுக்கெல்லாம் எப்பவும் போல நீங்க வராட்டியும் பரவால்ல. இதுக்கு மட்டும் வந்துடுங்க, ப்ளீஸ்!"

போன் வைக்கப்பட்டது.

"போன வருஷம் அன்னைக்கு எனக்குக் கடையில கூட்டம்" என்றார் தலைவர், யாரும் கேட்காமலே.

"எனக்குத் தலைவலி" என்றார் அக்கா.

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காய்ந்த நுரை கன்னத்தை இழுத்துப் பிடித்ததால் மூடிக்கொண்டார்.

தலைவர்தான் சமாளித்தார். "அது இருக்கட்டும் அண்ணே. தோக்கப் போறாங்கன்னு தெரிஞ்சே தேடித் தேடிப் போறீங்களே, ஜெயிக்கிற மேட்சுக்கு ஒரு நாள் வந்தாத்தான் என்ன?"

பூட்டுக்காரர் அரத்தைக் கையில் எடுத்தபடி, குத்தல் கொஞ்சமும் இல்லாமல் சொன்னார்:

"தினமும் கடையைச் சாத்திட்டு வர முடியுமா தம்பி? ஜெயிக்கிற அன்னைக்குத்தான் அதுங்களுக்கு நீங்கல்லாம் இருக்கீங்களே!"