கணக்கில் அடங்காத நட்சத்திரம்

"மேடம், நம்ம மாடலுக்குச் சங்கு ஊதிட்டாங்க!"

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்த உதவிப் பேராசிரியர், அச்செடுத்த கட்டுரையை மேஜைமேல் போட்டார். போன வருடம்தான் இந்தத் துறையில் சேர்ந்தவர்.

பேராசிரியை கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். எரிந்து முடிந்து சுருங்கிப்போன நட்சத்திரங்களின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் அவருடைய ஆயுட்கால ஆராய்ச்சி. அங்கே நியூட்ரான்களே நசுங்கி, அவற்றுக்குள் இருக்கும் குவார்க் துகள்களின் குழம்பாகிவிடும். அந்தக் குழம்பு அதிக எடை தாங்காது. இரண்டு சூரியன் எடையைத் தாண்டினால் நட்சத்திரம் தனக்குள்ளேயே இடிந்து விழும். இதுதான் அவர் கணக்கு.

"அந்த எடையைத் தாண்டின நட்சத்திரம் ஒண்ணு குத்துக்கல்லாட்டம் நிக்குதாம் மேடம். ஏதோ தொலைநோக்கி நிலையத்துல ஒரு சின்னப் பொண்ணு அளந்திருக்கு."

முதல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே இருந்த வரியை விரலால் தடவிப் படித்த பேராசிரியை, "உட்காருங்க, சரிபார்ப்போம்" என்றார்.

மத்தியானச் சாப்பாடு மறந்துபோனது. நட்சத்திரத்தின் ரேடியோ துடிப்புகள் வந்து சேர்ந்த நேரம், துணை நட்சத்திரத்தின் இழுப்பு என்று வரி வரியாகத் தோண்டினார். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். வாழ்நாள் உழைப்பு போகிறதென்றால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? உதவிப் பேராசிரியருக்குப் பாவமாக இருந்தது.

திடீரென்று அவர் துள்ளினார். "இங்க பாருங்க மேடம், இந்தத் திருத்தத்தையே விட்டுட்டாங்க! மாட்டிக்கிச்சு!"

மகிழ வேண்டியவரின் முகம் வெளுத்தது. தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தார்.

"இல்ல... அடுத்த பக்கத்துல சேர்த்திருக்கா."

பெருமூச்சு வந்தது.

கடைசிப் பக்கமும் முடிந்தது. ஒரு தப்பு இல்லை.

"விடுங்க மேடம், காரசாரமா ஒரு மறுப்பு எழுதுவோம். நீங்க ஒரு அதட்டு அதட்டினா அந்தப் பொண்ணு ஆடிப்போயிடும்."

"எதுக்கு? அவ சொன்னது சரி. நம்ம கணக்கைத் தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். மறுமுனையில் உடனே எடுத்துவிட்டார்கள்.

"படிச்சுட்டேன். ஒரு ஓட்டை கிடையாது. ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூட பயமா? அசடு! உங்கிட்டத் தோக்கறதைவிட உங்கம்மாவுக்கு வேற என்னடி சந்தோஷம்?"