நான்காவது ட்ராக்

மனைவி ஷைனி இறந்து மூன்று மாதம் கழித்துத்தான் ஃபெலிக்ஸ் பழைய குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்த பிளாக்கில் உள்ள வீட்டுக்கு வந்தான். அவள் பாடிப் பதிவு செய்த நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டர், சாமான் ஏற்றி இறக்கியதில் ஓடாமல் நின்றுவிட்டது. சர்ச்சில் அவள் பாட்டுக்கு கிடார் வாசித்த அருள்நாதனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தான். ஃபெலிக்ஸ் ஷிஃப்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் அருள் வந்து பழுது பார்ப்பான்.

இன்று ஃபெலிக்ஸுக்கு ஆஃப். அருள் முன்பே மாட்டியிருந்த புது பெல்ட்டைச் சரிபார்த்து, ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, ஷைனியின் கேசட்டைப் போட்டான். மூன்று ட்ராக்கிலும் அவள் பாட்டு. நான்காவதை அவள் காலியாகவே விட்டிருந்தாள்.

"அதத் தொடாத மாப்ள" என்றான் அருள்.

ஃபெலிக்ஸ் மற்ற மூன்றையும் குறைத்துவிட்டு, நான்காவது ட்ராக்கின் ஒலியை மட்டும் கூட்டினான்.

"இங்க காத்து நல்லா வருது. பழைய குவார்ட்டர்ஸ்ல ஒரே புழுக்கம்" என்றாள் ஷைனி, கேசட்டில். "அவரு எப்ப வருவாரு?"

"ரெண்டு மணிக்கு மேலதான்" என்றது அருளின் குரல்.

எதிரே அருள் திருகு முடுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"எத்தன நாளா?" என்று கேட்டான் ஃபெலிக்ஸ்.

"பெல்ட் வாங்க பண்ருட்டி போயிட்டு வந்தன்னிலேர்ந்து. உங்கிட்ட சொல்ல வேணாம்னுச்சுடா."

"என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?"

"நீ எப்ப வருவேன்னுதான்."

"இன்னிக்கு வருவாளா?"

"நீ வூட்ல இருந்தா எப்படிடா வரும்?"

ஃபெலிக்ஸ் ஷிஃப்ட் ஷூவை மாட்டினான். ஒயரைப் பிடுங்கி, ரெக்கார்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அருளை உள்ளே விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினான். படி இறங்குவதற்குள் உள்ளே ஷைனி சிரித்தாள்.