பெட்டிமேல் கொடி

செத்தவனுக்குக் கொடுத்த வாக்கு அவன் பெட்டிமேலேயே முறிந்து கிடப்பதைக் கண்டார் தவராசா.

சவப்பெட்டியில் விரித்திருந்தது எரித்திரியாவின் அரசாங்கக் கொடி. மேலே பச்சை, கீழே நீலம், நடுவே சிவப்பு முக்கோணம்.

"நான் நேற்றுத் தந்த நீலக் கொடி எங்கை?"

"அது பாவிச்சாச்சு," என்றாள் செத்தவனின் அக்கா செலாம், தலை நிமிராமல். இருவரும் கதைத்தது இங்கிலிசில். கதை சொல்ல நமக்குத் தமிழ் போதும்.

"என்னத்துக்குப் பாவிச்சவவாம்? மேசை துடைக்கவோ?" என்று புருசன் தவராசாவின் காதைக் கடித்தாள் ஜெயகௌரி.

செத்த தெஸ்ஃபாய், தோர்ண்டன் ஹீத் என்ற இங்கிலிசு ஊரில் தவராசாவின் கடையில் மீன் வெட்டியவன். அவன் கத்தியை எடுத்தால் பாரை மீன் தானே செதிலைக் கழற்றிவிட்டுப் படுக்கும் என்று தவராசா வாடிக்கையாளருக்குப் புளுகுவார். 'அண்ணை' என்று கூப்பிடவும் அவன் பழகியிருந்தான்.

ஒருநாள் மீனுக்குப் போட்ட ஐஸில் விரலால் கொடி கீறிக் காட்டினான்.

"பச்சை வயல், அண்ணை. நீலம் கடல். சிவப்பு இரத்தம். அதுக்குள்ளை ஒலிவ் இலை முப்பது. முப்பது வருசச் சண்டைக்கு வருசத்துக்கு ஒண்டு."

"நல்ல கொடியல்லோ?"

"அதை ஏத்தத்தான் அப்பா செத்தவர். முடிவில்லாத பட்டாளத்திலை இருந்து நான் ஓடப் பார்த்ததுக்கு, அதே கொடிக்குக் கீழைதான் என்னை இரும்புக் கொண்டெய்னருக்குள்ளை பூட்டினவங்கள்."

ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கையைப் பிடித்ததும் அதற்குத்தான். "என்ரை பெட்டிக்கு அந்தச் சிவப்பு வேண்டாம், அண்ணை. அதுக்கு முந்தின பழைய கொடி இருக்கு. நீலத்திலை பச்சை ஒலிவ். அதுதான் வேணும்."

"நான் பாக்கிறன்ரா தம்பி."

கடையில் கொடுத்த வாக்கைக் கடையோடு பூட்டிவிட்டு வருகிற தவராசா, இதை மட்டும் மறக்கவில்லை. நீலக் கொடியைத் தேடிப் பிடித்தார். மண்டபம் எடுத்தார். நம் ஆட்கள் செத்தால் செய்கிற எதிலும் குறை வைக்கவில்லை. படம் போட்ட மரண அறிவித்தல், வீடியோ, நேரலை.

"தாய் அங்கை எரித்திரியாவிலை தனியக் கிடக்குது. பிள்ளை போறதையாவது பாக்கட்டும்," என்றார்.

லிங்கை அறிந்தவன் தெரிந்தவனுக்கெல்லாம் அனுப்பினார். நேற்று நீலக் கொடியைக் கையில் வாங்கிய செலாம், "கமெரா வேண்டாமே," என்றதற்கு, "லிங்க் உலகமெல்லாம் போயிட்டுது, தங்கச்சி. வெக்கப்படாதேங்கோ," என்று தட்டிவிட்டார்.

இப்போது பார்த்தால், அந்த உலகத்துக்கு முன்னால் சிவப்பு முக்கோணக் கொடி.

தவராசாவுக்குப் பொறுக்கவில்லை. நேரே மைக்கிடம் போனார். "இந்தப் பிள்ளை இந்தக் கொடியாலை..."

செலாம் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் இறங்கியது.

"ஒரு சொல்லும் கதைக்காதேங்கோ."

பிறகு அவளே மைக்கைப் பிடித்து, கமெராவைப் பார்த்து, "என் தம்பி தன் நாட்டை நேசித்தவன்," என்றாள். சிவப்புக் கொடிக்குத் தலை குனிந்தாள்.

"சீ," என்றார் தவராசா. முன்வரிசைக்கே கேட்டது.

"தங்கடை நாட்டு எம்பசிக்கு வாலாட்டுறாள்," என்றாள் ஜெயகௌரி. "அந்தப் பெடியன் மண்ணுக்குள்ளை போகேல்லை, அதுக்குள்ளை கட்சி மாறியாச்சு."

அஞ்சலி முடிந்து சனம் வெளியே போனது. வீடியோக்கார லக்‌ஷன் வயர்களைச் சுற்றத் தொடங்கினான். செலாம் அவனிடம் போனாள்.

"உண்மையா நிப்பாட்டியாச்சோ?"

"ஓம் அக்கா, லைவ் முடிஞ்சுது."

அவள் சிவப்புக் கொடியைப் பெட்டியிலிருந்து இழுத்தாள். எறியவும் இல்லை, மடிக்கவும் இல்லை, சனம் எழும்பிப் போன கதிரையில் போட்டாள். இன்னும் ஆணி முடுக்காத மூடியைக் கொஞ்சம் தூக்கித் தவராசாவுக்குக் காட்டினாள்.

தெஸ்ஃபாயின் கழுத்திலிருந்து கால்வரை நீலம். நெஞ்சுக்கு நேரே பச்சை ஒலிவ்.

"தம்பிக்கு உள்ளுக்கை," என்றாள். "மேலை போட்டது அம்மாவுக்காக."

தவராசா கதிரையில் கிடந்த கொடியைக் காட்டினார். "அம்மாவுக்கு அந்தக் கொடியோ பிடிக்கும்? அவ பாக்கத்தானே நான் லைவ் போட்டனான்."

"அம்மாவிட்டை இன்ரநெற் இல்லை, அண்ணை," என்றாள் செலாம், தம்பி அழைத்த அதே சொல்லால். "அங்கை உங்கடை லைவைப் பாக்கிறவை, அம்மாவின்ரை கதவைத் தட்ட வாற அரசாங்க ஆக்கள்தான்."